"எஸ் சார்" என்றால் ஆமாவா, இல்லையா?



ஆங்கிலம் பழகும் இந்தப் பகுதியில் இந்த மாதம் கடிதம் எழுதுவதைப் பற்றிச் சொல்லலாம் என்றிருந்தோம். அதைத் தள்ளிவைத்துவிட்டு வேறு ஒன்றை எடுத்திருக்கிறோம். நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு குழுவில் நடந்த விஷயம்தான் காரணம். சம்பந்தப்பட்ட அக்காவிடம் கேட்டோம். "எழுதுங்க மேடம். ஆனா என் பேரு, ஊரு எதுவும் போட வேண்டாம்" என்றார். அதன்படியே எழுதுகிறோம்.

அந்தக் குழு வங்கிக் கடனுக்கு விண்ணப்பித்திருந்தது. தீர்மானம் எழுதி, கணக்குப் புத்தகங்களைச் சரிபார்த்து, எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று. கிளைக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த அதிகாரி வெளி மாநிலத்துக்காரர். தமிழ் இன்னும் பழகவில்லை. உறுப்பினர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார். மற்றவர்களுக்கு அங்கிருந்த ஊழியர் ஒருவர் தமிழில் சொல்லி உதவினார். நம் அக்கா பத்தாவது வரை படித்தவர். நம் வகுப்புக்கும் தவறாமல் வருகிறவர். அதனால் யார் துணையும் இல்லாமல் நேராகப் பேசினார். குழுவில் எல்லாரும் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அதிகாரி கேட்டார்: "யூ டோன்ட் ஹேவ் எனி அதர் லோன், டூ யூ?"

அக்காவுக்குக் கேள்வி நன்றாகவே புரிந்தது. 'உங்களுக்கு வேற கடன் எதுவும் இல்லையே?' என்கிறார். ஆமாம், இல்லை. பளிச்சென்று பதில் சொன்னார்: "எஸ் சார்."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "எஸ்?"

"எஸ் சார், எஸ் சார்."

அவர் தாளில் ஏதோ எழுதிக்கொண்டார். அக்காவும் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்து விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதாகத் தகவல் வந்தது. ஒரு உறுப்பினருக்கு வெளியில் கடன் இருக்கிறது, அதை விண்ணப்பத்தில் காட்டவில்லை என்பது காரணம். யார் என்று கேட்டால் நம் அக்கா பெயர். அதற்குப் பிறகு குழுவில் நடந்ததை நீங்களே யோசித்துப் பாருங்கள். "நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம தனியா கம்பெனில வாங்கியிருக்கா." "அதான் போன மாசம் புதுசா மிக்ஸி வந்துச்சு." பதினோரு வருஷம் ஒன்றாக உட்கார்ந்து சேமித்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அக்கா இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை. வீட்டுக்காரரும் "எங்கிட்டயே மறைச்சிட்டியா?" என்று கேட்டாராம். அதைச் சொல்லும்போதுதான் அவர் அழுதார்.

நாங்கள் அவரோடு வங்கிக்குப் போனோம். அதிகாரி தன் தாளை எடுத்துக் காட்டினார். 'வேறு கடன் உண்டு என்று உறுப்பினரே சொன்னார்' என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. "எந்தக் கேள்விக்கு இந்தப் பதில் சொன்னார்? அந்தக் கேள்வியை அப்படியே இன்னொரு தடவை கேளுங்கள்" என்று கேட்டுக்கொண்டோம். கேட்டார். அக்கா இந்தத் தடவையும் "எஸ் சார்" என்றே சொன்னார்! அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. பத்து நிமிஷத்தில் விஷயம் சரியாகிவிட்டது. அதிகாரி எழுந்து நின்று வருத்தம் தெரிவித்தார். ஆனால் அந்த மூன்று வாரத்தை யார் திருப்பித் தருவது?

இதில் அக்கா மேல் தப்பு இல்லை. அதிகாரி மேலும் இல்லை. அக்கா தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பதில் சொன்னார். அவர் ஆங்கிலத்தில் யோசித்து ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டார். இடையில் இருந்தது வாக்கியத்தின் கடைசியில் ஒட்டியிருந்த 'டூ யூ?' என்ற ஒரு குட்டிக் கேள்வி. இதற்குப் பள்ளிக்கூட இலக்கணத்தில் 'கொஸ்டின் டேக்' என்று பெயர். உங்கள் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும், பரீட்சைக்குப் படித்திருப்பார்கள். நாம் இங்கே 'வால் கேள்வி' என்று வைத்துக்கொள்வோம். பட்டத்துக்கு வால் மாதிரி, சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியில் ஒட்டுகிற கேள்வி.

வால் கேள்வி நமக்குப் புதிது இல்லை. ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்கிறோம். "நாளைக்கு வர்றீங்கதானே?" "சந்தா கட்டிட்டல்ல?" "அது அவங்க வீடு, இல்லையா?" மேடையில் பேசுகிறவர்கள் "அல்லவா" என்பார்கள். யாரைப் பற்றிப் பேசினாலும், நேற்று நடந்தது, நாளை நடக்கப்போவது எதுவானாலும் 'இல்லையா' மாறாது. ஒரே வாலை எல்லாப் பட்டத்துக்கும் ஒட்டிவிடலாம். இந்திக்காரர்கள் 'நா' என்ற ஒரு எழுத்தை ஒட்டி முடித்துவிடுகிறார்கள். பிரெஞ்சு மொழியிலும் 'நெஸ் பா' என்ற ஒன்றே எல்லா இடத்துக்கும் போதும். ஆங்கிலம்தான் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அளவெடுத்துத் தைத்த வால் கேட்கிறது.

தைப்பதற்கு முன்னால் பதில் சொல்லக் கற்றுக்கொள்வோம். பள்ளிக்கூடத்தில் வாலை எழுதத்தான் சொல்லித்தருகிறார்கள், அதற்குத்தான் மதிப்பெண். ஆனால் நம் அக்காவுக்குத் தேவைப்பட்டது வாலை எழுதுவது இல்லை, அதற்குச் சரியான பதில்.

தமிழில் 'ஆமா' என்றால் 'நீ சொல்வது சரி' என்று பொருள். "நீ இன்னும் சாப்பிடலையே?" என்று கேட்டால் "ஆமா, சாப்பிடல" என்கிறோம். கேட்டவர் சொன்னதை ஒத்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் 'எஸ்' கேட்டவரை ஒத்துக்கொள்கிற சொல் இல்லை. அது நடந்த விஷயத்தைப் பார்க்கிறது. சாப்பிட்டிருந்தால் 'எஸ்', சாப்பிடாவிட்டால் 'நோ'. கேள்வி எப்படி வந்தாலும் இதுதான். "யூ ஹேவ் ஈட்டன், ஹேவன்ட் யூ?" என்று கேட்டாலும், "யூ ஹேவன்ட் ஈட்டன், ஹேவ் யூ?" என்று திருப்பிப் போட்டுக் கேட்டாலும், சாப்பிட்டவர் "எஸ், ஐ ஹேவ்" என்றும் சாப்பிடாதவர் "நோ, ஐ ஹேவன்ட்" என்றும்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் கதையையும் சொல்லிவிடுகிறோம், சிரித்துக்கொள்ளுங்கள். சமூகப்பணியில் பட்டம் வாங்கி, வேலைக்குச் சேர்ந்த புதிது. வெளிநாட்டிலிருந்து ஒரு அம்மையார் நம் குழுக்களைப் பார்க்க வந்திருந்தார். மத்தியானம் இரண்டு மணிக்கு அன்பாகக் கேட்டார்: "யூ ஹேவன்ட் ஹேட் லன்ச், ஹேவ் யூ?" பசி வயிற்றைக் கிள்ளியது. "எஸ் மேடம்" என்றோம், 'ஆமாங்க, இன்னும் சாப்பிடல' என்ற நினைப்பில். "ஓ, குட்" என்று சொல்லிவிட்டு அவர் மட்டும் போய்ச் சாப்பிட்டார். சாயங்காலம் வரை நாங்கள் பட்டினி. படிப்புக்கும் இந்தத் தடுமாற்றத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஜப்பானியரும் கொரியரும் நம்மைப் போலவே கேட்டவரை ஒத்துக்கொண்டு பதில் சொல்கிற பழக்கம் உள்ளவர்கள். ஆங்கிலம் பேசும்போது அவர்களும் இதே இடத்தில்தான் இடறுகிறார்கள்.

இதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு. வெறும் 'எஸ்', வெறும் 'நோ' சொல்லி நிறுத்தக் கூடாது. கூடவே முழு வாக்கியத்தையும் சொல்லிவிட வேண்டும். "ஐ ஹேவ் நோ அதர் லோன், சார்." எனக்கு வேறு கடன் இல்லை. இப்படிச் சொல்லியிருந்தால் முன்னால் 'எஸ்' போட்டிருந்தாலும் அதிகாரிக்குச் சந்தேகம் வந்து திரும்பக் கேட்டிருப்பார். பணம், கடன், கையெழுத்து, நோய் ஆகிய நான்கிலும் இந்தப் பழக்கம் கட்டாயம் வேண்டும். டாக்டர் "யூ ஆர் நாட் அலர்ஜிக் டு எனி மெடிசின், ஆர் யூ?" என்று கேட்கிறார். எந்த மருந்தாவது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகுமா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார். ஊசி போட்டால் உடம்பெல்லாம் தடித்துப் போகிறவர் தமிழ்ப் பழக்கத்தில் "நோ டாக்டர்" என்று மறுத்துவிட்டால் என்ன ஆகும்? 'அப்படி இல்ல டாக்டர், எனக்கு அலர்ஜி இருக்கு' என்றுதான் அவர் சொல்ல நினைத்தார். டாக்டர் காதில் விழுந்ததோ 'அலர்ஜி இல்லை' என்று. இந்த இடத்தில் "எஸ் டாக்டர், ஐ ஹேவ் அலர்ஜி" என்று இருப்பதை இருப்பதாகச் சொல்லுங்கள். எந்த மருந்து என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தமிழிலேயே சொல்லுங்கள், அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

இனி வால் தைக்கலாம்.

முதலில் வாக்கியத்தில் துணைச்சொல் எது என்று பாருங்கள். இஸ், ஆர், வாஸ், வேர், ஹேவ், ஹேஸ், கேன், வில் என்று நாம் முன்பே படித்தவைதான். அந்தச் சொல்லையே வாலுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்து, அதைத் திருப்பிப் போட வேண்டும். வாக்கியம் 'உண்டு' என்று சொன்னால் வால் 'இல்லை' என்று வர வேண்டும். வாக்கியம் 'இல்லை' என்றால் வால் 'உண்டு'. மாமியார் கிழக்கே பார்த்தால் மருமகள் மேற்கே பார்ப்பது போல என்று ஒரு வகுப்பில் சொன்னோம். பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி, "எங்க வீட்டுல அப்படி இல்லையே" என்று வாலோடு கேட்டுவிட்டார். கடைசியாக, யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவரைச் சுட்டுப்பெயராக மாற்ற வேண்டும். வாலில் பெயர் வராது. ஹி, ஷி, இட், தே, யூ, வி, ஐ இவைதான் வரும்.

"தி பஸ் இஸ் லேட், இஸன்ட் இட்?" பஸ் லேட்டா வருது, இல்லையா? பஸ் என்பது 'இட்' ஆயிற்று.

"யுவர் டாட்டர் கேன் ரைட் எ சைக்கிள், கான்ட் ஷி?" உங்க பொண்ணு சைக்கிள் ஓட்டுவாதானே? 'கேன்' வந்ததால் வாலில் 'கான்ட்', பெண் பிள்ளை என்பதால் 'ஷி'.

"தி மெம்பர்ஸ் ஆர் நாட் ஹியர், ஆர் தே?" உறுப்பினர்கள் இங்க இல்லையே? வாக்கியத்தில் 'நாட்' இருப்பதால் வாலில் இருக்காது.

"யூ வில் கம் டு தி மீட்டிங், வோன்ட் யூ?" கூட்டத்துக்கு வருவீங்கதானே? 'வில் நாட்' என்பதன் சுருக்கம் 'வோன்ட்'. 'வில்லன்ட்' என்று யாரும் சொல்லிவிட வேண்டாம், நம் வகுப்பில் ஒருவர் சொல்லி ஒரு வாரம் அதுவே பட்டப்பெயர் ஆகிவிட்டது.

இவ்வளவும் சுலபம். சிக்கல் எங்கே வருகிறதென்றால் துணைச்சொல்லே கண்ணுக்குத் தெரியாத வாக்கியங்களில். "ஷி சேவ்ஸ் ஹண்ட்ரட் ரூபீஸ் எவ்ரி மன்த்." அவள் மாதம் நூறு ரூபாய் சேமிக்கிறாள். இதில் இஸ்ஸும் இல்லை, ஹேஸும் இல்லை. வாலுக்கு எதை எடுப்பது? இங்கேதான் 'டூ, டஸ், டிட்' என்ற மூன்று பேர் உதவிக்கு வருகிறார்கள். வாக்கியத்தில் முகம் காட்டாமல் வினைச்சொல்லுக்கு உள்ளேயே ஒளிந்திருக்கிறவர்கள் இவர்கள். 'சேவ்ஸ்' என்பதன் கடைசியில் 'ஸ்' கேட்கிறதா? அது 'டஸ்' உள்ளே இருப்பதற்கு அடையாளம். ஆகவே "ஷி சேவ்ஸ் ஹண்ட்ரட் ரூபீஸ் எவ்ரி மன்த், டஸன்ட் ஷி?" அந்த 'ஸ்' இல்லாவிட்டால் 'டூ'. "தே சேவ் ஹண்ட்ரட் ரூபீஸ், டோன்ட் தே?" நடந்து முடிந்த விஷயமானால் 'டிட்'. "யூ பெய்ட் தி இன்ஸ்டால்மென்ட் எஸ்டர்டே, டிடன்ட் யூ?" நேத்து தவணை கட்டினீங்கதானே?

'ஹேவ்' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும், அது இரண்டு வேஷம் போடும். "யூ ஹேவ் பெய்ட் தி சப்ஸ்க்ரிப்ஷன், ஹேவன்ட் யூ?" என்பதில் அது துணைச்சொல், 'பெய்ட்' என்ற வேலைக்கு உதவியாக நிற்கிறது. "யூ ஹேவ் எ பாஸ்புக், டோன்ட் யூ?" என்பதில் 'வைத்திருக்கிறீர்கள்' என்று அதுவே முழு வேலையையும் செய்கிறது. அதனால் வாலுக்கு 'டூ' வந்தது. வங்கி அதிகாரி கேட்ட கேள்வியைத் திரும்பப் பாருங்கள். "யூ டோன்ட் ஹேவ் எனி அதர் லோன், டூ யூ?" வாக்கியத்தில் 'டோன்ட்' இருக்கிறது, அது திரும்பி வாலில் 'டூ' ஆகியிருக்கிறது. 'நாட்' இல்லாத வால் காதில் விழுந்தால், முன்னால் போன வாக்கியம் பெரும்பாலும் 'இல்லை' என்ற வாக்கியம்தான். முழுக் கேள்வியும் பிடிபடாவிட்டாலும் வாலைப் பிடித்தால் தலை எந்தப் பக்கம் என்று தெரியும்.

விதிக்கு அடங்காத சிலவும் உண்டு. 'ஐ ஆம்' என்று தொடங்கினால் வால் 'ஆரன்ட் ஐ'. "ஐ ஆம் லேட், ஆரன்ட் ஐ?" நான் லேட்டா வந்துட்டேன், இல்ல? ஏன் இப்படி என்று கேட்காதீர்கள், பழக்கத்தில் வந்துவிட்டது. 'லெட் அஸ்' என்பதைச் சுருக்கி 'லெட்ஸ்' என்று தொடங்கினால் 'ஷல் வி'. "லெட்ஸ் ஸ்டார்ட் தி மீட்டிங், ஷல் வி?" கூட்டத்த ஆரம்பிக்கலாமா? கூட்டத் தலைவிகள் இந்த ஒன்றை இப்போதே மனப்பாடம் செய்துகொள்ளலாம். ஒருவரிடம் ஒரு வேலை சொல்லும்போது 'வில் யூ' போட்டால் கட்டளை கொஞ்சம் தணிந்துவிடும். "க்ளோஸ் தி டோர், வில் யூ?" 'தேர் இஸ்' என்று தொடங்கினால் வாலிலும் அதே 'தேர்' வரும். "தேர் இஸ் எ மீட்டிங் டுடே, இஸன்ட் தேர்?"

'நாட்' இல்லாமலே 'இல்லை' என்று சொல்கிற சொற்களும் சில உண்டு. 'நெவர்', 'நோபடி', 'நத்திங்' இந்த மூன்றையும் நினைவில் வையுங்கள். "ஷி நெவர் கம்ஸ் லேட், டஸ் ஷி?" அவ என்னைக்குமே லேட்டா வர மாட்டாளே? 'நெவர்' ஏற்கெனவே மறுத்துவிட்டதால் வாலில் இன்னொரு மறுப்பு வேண்டாம். 'எவ்ரிபடி' என்ற சொல் வேறு விதத்தில் வேடிக்கை. வாக்கியத்தில் ஒருமையாகவும் வாலில் பன்மையாகவும் நடக்கும். "எவ்ரிபடி ஹேஸ் சைன்ட், ஹேவன்ட் தே?" எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சுதானே? 'நோபடி' வந்தாலும் வாலில் 'தே' தான்.

இத்தனையும் வேண்டுமா, 'இஸன்ட் இட்' என்று எல்லாவற்றுக்கும் போட்டால் ஆகாதா என்று ஒரு சகோதரி கேட்டார். நியாயமான கேள்வி. "யூ ஆர் கமிங் டுமாரோ, இஸன்ட் இட்?" என்று நம் நாட்டில் படித்தவர்கள் பலரே பேசுகிறார்கள். அவரவர் தாய்மொழியில் ஒரே வால் இருக்கும் பழக்கம்தான் அது. இந்திய ஆங்கிலத்துக்கு அடையாளம் என்றே மொழி ஆராய்ச்சியாளர்கள் இதைக் குறிப்பிடுவது உண்டு. இங்கிலாந்திலேயே, லண்டன் இளைஞர்கள் அதைச் சுருக்கி 'இன்னிட்' என்று எல்லா வாக்கியத்துக்கும் ஒட்டுகிறார்கள். அதனால் யாராவது அப்படிப் பேசினால் சிரிக்க வேண்டாம், நாமே தவறிப் பேசிவிட்டாலும் கூச வேண்டாம். ஆனால் பரீட்சைத் தாளில் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போய்விடும். இன்னொன்று, நாம் எந்த வாலைப் பேசினாலும் எதிரில் இருப்பவர் சரியான வாலைத்தான் போடுவார். அது புரிந்தால்தான் பதில் சொல்ல முடியும். எங்கள் கருத்தில், பேசுவதில் பிழை வந்தால் வரட்டும், கேட்பதில் வரக் கூடாது.

கேட்பதற்கு இன்னொரு குறிப்பு. ஒரே வாலை இரண்டு ராகத்தில் சொல்லலாம். குரல் கடைசியில் மேலே ஏறினால் கேட்பவருக்கு உண்மையிலேயே விடை தெரியவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிறார். கீழே இறங்கினால் அவர் முடிவு செய்துவிட்டார், நம்மைத் தலையாட்டச் சொல்கிறார். தமிழிலும் இதே கதைதான். "நீதான் எடுத்த, இல்ல?" என்று குரலை இறக்கி ஒருவர் கேட்டால் அது கேள்வியா, குற்றச்சாட்டா?

இந்த இறங்கு குரலில்தான் நாம் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். காப்பீடு, தவணைக்கு டி.வி., சீட்டு என்று எதையாவது விற்க வருகிறவர்கள் காகிதத்தை நீட்டிக்கொண்டே சொல்வார்கள்: "யூ ஹேவ் ரெட் தி கண்டிஷன்ஸ், ஹேவன்ட் யூ?" நிபந்தனையெல்லாம் படிச்சிட்டீங்கதானே? "யூ நோ தி இன்ட்ரஸ்ட் ரேட், டோன்ட் யூ?" வட்டி எவ்வளவுன்னு தெரியும்தானே? தமிழில் கேட்டாலும் இதே வாலோடுதான் கேட்பார்கள். படிக்கவில்லை, தெரியாது என்று சொல்ல நமக்கு வெட்கம். நாலு பேர் முன்னால் தலையாட்டிவிடுகிறோம். வாலின் வேலையே அதுதான், 'ஆமா' என்பதைச் சுலபமாக்கி 'இல்லை' என்பதைக் கஷ்டமாக்கும். அதற்குப் பதில் இதோ, மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "நோ, ஐ ஹேவன்ட். ப்ளீஸ் எக்ஸ்ப்ளெய்ன்." இல்லை, படிக்கவில்லை. தயவுசெய்து விளக்குங்கள். "நோ, ஐ டோன்ட். ப்ளீஸ் டெல் மி." தெரியாது, சொல்லுங்கள். வகுப்பில் இந்த இரண்டு வரிகளையும் எல்லாரையும் எழுந்து நின்று உரக்கச் சொல்ல வைத்தோம். முதலில் குரலே வரவில்லை. மூன்றாவது சுற்றில் பக்கத்து வீட்டு நாய் குலைக்க ஆரம்பித்துவிட்டது.

1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் நம் மாநிலத்தின் சுய உதவிக் குழுத் திட்டம் தொடங்கிய காலத்தில், கைநாட்டு வைத்தவர்கள் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதே பெரிய செய்தி. 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். கிண்டல் செய்தவர்கள் அப்போதும் இருந்தார்கள். "இந்த வயசுல இங்கிலீஷு எதுக்கு, கலெக்டர் ஆகப் போறியா?" என்று உங்கள் வீட்டில் யாராவது கேட்டால், மூன்று வாரம் பேச்சு வார்த்தை இல்லாமல் கிடந்த ஒரு குழுவின் கதையைச் சொல்லுங்கள்.

அடுத்த கூட்டத்தில் கணக்கு முடிந்ததும் பத்து நிமிஷம் ஒரு விளையாட்டு வைத்துக்கொள்ளலாம். வட்டமாக உட்காருங்கள். ஒருவர் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், அடுத்தவர் வால் ஒட்ட வேண்டும், அதற்கு அடுத்தவர் உண்மை எதுவோ அதைப் பதிலாகச் சொல்ல வேண்டும். பதில் சொல்கிறவர் தலையாட்டக் கூடாது, கையைக் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் சொல்ல வேண்டும். தலையாட்டலில்தான் நம் தமிழ் 'ஆமா' எட்டிப் பார்க்கும். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளையும் கூட்டிக்கொள்ளுங்கள், அவர்களுக்கும் வீட்டுப்பாடம் முடிந்த மாதிரி ஆகும்.

தொடங்குவதற்கு ஆறு வாக்கியம் தருகிறோம். "திஸ் இஸ் யுவர் பாஸ்புக்." "யூ டிடன்ட் கம் லாஸ்ட் வீக்." "தி மேனேஜர் நோஸ் தமிழ்." "தே ஹேவ் டேக்கன் தி லோன்." "நோபடி ஹேஸ் கம்." "லெட்ஸ் கோ டு தி பேங்க்." விடையைப் பார்க்காமல் முதலில் நீங்களே ஒட்டிப் பாருங்கள். சரியான வால்கள் இதே வரிசையில்: இஸன்ட் இட், டிட் யூ, டஸன்ட் ஹி, ஹேவன்ட் தே, ஹேவ் தே, ஷல் வி. மேனேஜர் பெண்ணாக இருந்தால் மூன்றாவதுக்கு 'டஸன்ட் ஷி'.

இரண்டாவது வாக்கியத்தை அந்த அக்காவிடம்தான் போன செவ்வாய்க்கிழமை கேட்டோம். "யூ டிடன்ட் கம் லாஸ்ட் வீக், டிட் யூ?" அவர் உதட்டைக் கடித்து, விரலை மடக்கி, கொஞ்சம் யோசித்தார். பக்கத்தில் இருந்தவர் எடுத்துக்கொடுக்கப் போனார், கையமர்த்தினார். பிறகு சொன்னார்: "நோ, ஐ டிடன்ட். பட் ஐ கேம் டுடே."